நாற்பத்தோராவது கழுத்து

பிப்ரவரி 2, திங்கள்

இன்றைக்கு நான்கு கழுத்துகள். முப்பதிலிருந்து முப்பத்து மூன்று வரை.

சாப்பிடும்போது வீட்டுக்காரர் கேட்டார்: “பொறந்த குழந்தைக்குக் கழுத்தே கிடையாதே. தலை முடிஞ்சா உடம்பு. நீ எதைப் போய் அளக்கறே?” லிப்ட் பழுது பார்க்கிறவருக்கு உலகம் முழுக்கக் கம்பியும் கப்பியும்தான். தோளுக்கு அடியில் சின்னத் துணியைச் சுருட்டி வைத்தால் கழுத்து தானாக எட்டிப் பார்க்கும் என்றேன். உள்ளே மூச்சுக்குழாயின் இரண்டு பக்கமும் தைராய்டு சுரப்பி, பக்கத்துக்கு ஒரு மடல். ஒவ்வொரு மடலுக்கும் நீளம், அகலம், கனம். மூன்றையும் பெருக்கி, வருவதில் பாதிக்குச் சற்றுக் கூட எடுத்தால் அதன் கொள்ளளவு. இரண்டு மடலும் சேர்ந்து ஒரு மில்லி, மிஞ்சினால் ஒன்றரை.

“அவ்வளவுதானா?”

அவ்வளவுதான். இருபது முப்பது சொட்டுத் தண்ணீர். ஆனால் அது இல்லாவிட்டால் மூளை வளராது என்றேன்.

நல்ல ஆரோக்கியமான குழந்தைக்கு எவ்வளவு இருக்க வேண்டும் என்ற அட்டவணை எங்களிடம் கிடையாது. இருநூறு குழந்தைகளை அளந்து அதை உண்டாக்கப் பார்க்கிறார் டாக்டரம்மா. குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து இந்தக் குறையைப் பார்க்கும் பரிசோதனை இங்கே இன்னும் எல்லாக் குழந்தைக்கும் வரவில்லை. அது வரும்வரை இந்தப் படமாவது கைகொடுக்கட்டும் என்கிறார்.

பிப்ரவரி 4, புதன்

விளக்கை அணைத்ததும் ஸ்கேன் அறை குளத்தடி மாதிரி ஆகிவிடுகிறது. எனக்கு உடம்பு லேசாகிறது. திரையில் சாம்பல் நிறத் தண்ணீர். அதில் மெதுவாக ஏதோ மிதந்து வந்து நிற்கும். மூச்சுக்குழாய் ஒரு வளைவு. ரத்தக்குழாய்கள் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கறுப்பு வட்டங்கள், துடித்துக்கொண்டு. நடுவில் இரண்டு மடல்கள், பொடி மணல் போல ஒரே சீராக. பார்த்துக்கொண்டே இருந்தால் அந்த மணலில் காலை வைத்து நடக்கலாம் போலிருக்கும்.

இப்படி நடந்துபோய்விடுவதால்தான் நர்ஸ்கள் எனக்கு ‘மேகம்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். என் ஓரகத்திக்கு வைத்த பெயர் ‘அடிக்கோல்’.

ஆமாம், வீட்டிலும் அவள்தான், ஆஸ்பத்திரியிலும் அவள்தான். மாடியில் அவர்கள், கீழே நாங்கள். வேலையில் முதலில் நான் அளப்பேன், அரை மணி கழித்து அதே குழந்தையை அவள் அளப்பாள். ஒருவர் எண்ணை இன்னொருவர் பார்க்கக் கூடாது. இரண்டு தாளும் பூட்டிய பெட்டிக்குள் போய்விடும். டாக்டரம்மா கடைசியில்தான் திறப்பார்.

அவள் என்னைவிட நான்கு மாதம் சின்னவள். அவருடைய அண்ணனைக் கட்டியவள் என்பதால் பதினாறு வருஷமாக நான்தான் ‘அக்கா’ என்று கூப்பிடுகிறேன். அவளும் கொஞ்சம்கூடக் கூச்சப்படாமல் “என்னம்மா” என்கிறாள்.

பிப்ரவரி 5, வியாழன்

மூன்று. மூன்றும் வீறிட்டன. தோள்பட்டை விட்டுப்போகிறது.

பிப்ரவரி 6, வெள்ளி

இன்று ஒன்றே ஒன்று. நாற்பத்தொன்று. ஆனால் என்ன குழந்தை.

பிறந்து இரண்டு நாள். அம்மாவுக்குச் சலவைக் கடை, இது மூன்றாவது பையன். “மொத ரெண்டும் என் உயிரை வாங்கிச்சுங்க. இது அழவே தெரியாத பிள்ளை. பாலுக்குக்கூட நான்தான் எழுப்பணும்” என்றாள். சொல்லும்போதே அவள் கண்ணும் சொருகியது. களைத்துப்போன மனுஷி, கடைசியில் ஓய்வு கிடைத்த முகம்.

துணியைச் சுருட்டி வைத்தேன். அசையவில்லை. ஜெல்லைத் தடவினேன், அதற்கும் அசையவில்லை. வாய் மட்டும் கொஞ்சம் திறந்திருந்தது, நாக்கு நுனி தெரிந்தது. இத்தனை நாளில் இவ்வளவு தெளிவான படம் எனக்குக் கிடைத்ததில்லை. மணல் இன்று வெள்ளையாக, நிலா வெளிச்சம் பட்டது போல இருந்தது. இரண்டு கறுப்பு வட்டங்களும் மூச்சுக்குழாயை ஒட்டி, காதோடு ரகசியம் கேட்பவர்கள் மாதிரி நெருங்கி நின்றன. நான் எங்கேயோ போய்விட்டேன். எங்கே என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியாது. அந்த மூச்சுச் சத்தத்தோடு போனேன், அதோடேயே திரும்பி வந்தேன்.

அளவு சின்னதுதான். இரண்டும் சேர்ந்து அரை மில்லிகூட வரவில்லை. குழந்தையும் சின்னது. எது குறைவு என்று தெரிந்துகொள்ளத்தானே இந்த ஆய்வே.

அக்காவுக்கு மதியம் தன் பல்லைப் பிடுங்கிக்கொள்ளும் வேலை. லீவில் போய்விட்டாள். அந்த அம்மாவுக்கோ சாயங்காலமே வீட்டுக்குப் போக வேண்டும். ‘இரண்டாவது அளவு எடுக்க முடியவில்லை’ என்று எழுதிப் போட்டேன்.

கிளம்பும்போது, “எல்லாம் சரியா இருக்குங்களா?” என்று கேட்டாள். நாங்கள் எதுவும் சொல்லக் கூடாது, டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துவிட்டு, “நல்லா இருக்கும்மா” என்றேன். அவள் சிரித்த சிரிப்புக்கு அந்த ஒரு வார்த்தை தகும்.

பிப்ரவரி 8, ஞாயிறு

மதியம் கண் அசந்தேன். கனவில் ஒரு வீடு. எல்லா அறையும் பெருக்கித் துடைத்துச் சுத்தமாக இருந்தது. திரைச்சீலைகூடக் காற்றில் ஆடியது. குடியிருப்பவர்களைத்தான் காணவில்லை. கூப்பிட்டுக்கொண்டே போனேன். பயமாக இல்லை, இதமாகத்தான் இருந்தது.

மகள் எழுப்பி, “தூக்கத்துல யாரைம்மா வாங்க வாங்கன்னு கூப்பிட்டே?” என்றாள்.

பிப்ரவரி 10, செவ்வாய்

42, 43, 44. பதிவேட்டைப் பார்த்துவிட்டு, நாற்பத்தொன்றுக்கு ஏன் ஒரே தாள் என்று டாக்டரம்மா கேட்டார். சொன்னேன். “சரி, விடுங்க” என்று போய்விட்டார்.

பிப்ரவரி 12, வியாழன்

நாற்பத்தெட்டாவது குழந்தை விரலைச் சப்பிக்கொண்டே படுத்திருந்தது. விழுங்கும்போதெல்லாம் இரண்டு மடல்களும் மேலே ஏறி இறங்கின, படகு போல. அப்போதுதான் கவனித்தேன். மடல்கள் இருபுறமும் இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதால் ரத்தக்குழாய்கள் ஒதுங்கி நிற்கின்றன. எல்லாக் குழந்தைக்கும் அப்படித்தான். நடுவில் ஆள் இருந்தால் பக்கத்தில் இருப்பவன் நகர்ந்துதானே ஆக வேண்டும்?

அப்படியானால் நெருங்கி நின்றது எது? எங்கேயோ நெருங்கி நின்றதைப் பார்த்தேனே? பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அதே யோசனை. நான் பார்த்தேனா, நினைத்துக்கொண்டேனா? ஜன்னலில் மரங்கள் போய்க்கொண்டே இருந்தன, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்விட்டேன்.

வீட்டுக்கு வந்து இந்த நோட்டைப் புரட்டினேன். இருக்கிறது. என் கையெழுத்திலேயே இருக்கிறது. காதோடு ரகசியம் கேட்பவர்கள் மாதிரி.

அடிப்பாவி. என்னடி பண்ணி வச்சிருக்கே. கண்ணு பார்த்திருக்கு, கை எழுதியிருக்கு, நீ எங்கடி போயிருந்தே? நிலா வெளிச்சமாம். மணலாம். சுரப்பியே இல்லாத கழுத்துல, அந்த இடத்தை அடைச்சிட்டிருந்த எதையோ அளந்துட்டு வந்திருக்கே. பாலுக்கு எழுப்பணும்னு அந்த அம்மா சொன்னா. நாக்கு தெரியுதுன்னு நீயே எழுதியிருக்கே, ரெண்டும் சுரப்பி இல்லாததோட அறிகுறின்னு தெரிஞ்சும். நல்லா இருக்கும்மான்னு சொல்லி அனுப்பியிருக்கே —

இல்லை. எனக்கு நிச்சயமாகத் தெரியாது. சில குழந்தைகள் அமைதிதான்.

பிப்ரவரி 13, வெள்ளி

காலையில் சேமித்து வைத்த படத்தைத் திறந்தேன். நர்ஸ் வந்தாள், மூடிவிட்டேன். மறுபடி திறக்கவில்லை. ஏன் திறக்கவில்லை? அடிக்கோல் என்ன நினைப்பாள் என்று. டாக்டரம்மா என் தாள்கள் எல்லாவற்றையும் கிழித்துப் போட்டுவிடுவார் என்று. பதினெட்டு வருஷ வேலை. இதையெல்லாம் எண்ணிப் பார்க்க எனக்கு ஒரு பகல் முழுக்க நேரம் இருந்திருக்கிறது.

சாயங்காலம் அவரிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, “நிச்சயமாத் தெரியுமா?” என்றார்.

“தெரியல.”

“தெரியலன்னாதான் சொல்லணும். லிப்ட்ல ஒரு சத்தம் கேட்டா நிறுத்திட்டுத்தான் பார்ப்பேன். ஆளை ஏத்திக்கிட்டே யோசிக்க மாட்டேன்.”

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் தாங்க முடியவில்லை.

பிப்ரவரி 14, சனி

மொட்டை மாடியில் அக்கா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். மகனுடைய சட்டையை உதறிய கையோடு என்னைப் பார்த்தாள். “என்னம்மா, முகம் ஏன் பேயறைஞ்ச மாதிரி இருக்கு?” என்றாள். சொன்னேன். விதிப்படி அவளிடம் நான் எந்த அளவையும் பேசக் கூடாது. அவளும் கேட்கக் கூடாது. சட்டையை வாளிக்குள் போட்டுவிட்டு, “செருப்பைப் போடு” என்றாள்.

ஸ்கேன் அறையில் அவள் படத்தைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பல் எடுத்த கன்னத்தை இன்னும் கையால் தாங்கிக்கொண்டிருந்தாள்.

“இது சுரப்பி இல்ல. கொழுப்பு. காலியா இருக்கிற இடத்துல வந்து உட்கார்ந்திருக்கு. இவ்வளவு வெளுப்பா இருக்கக் கூடாது பாரு.”

டாக்டரம்மா வந்தார். அவரும் பார்த்தார். “பொறந்து பத்து நாளாச்சு” என்றார், யாரிடமும் இல்லாமல். அந்த அம்மாவின் போன் அணைந்திருந்தது. “முகவரி இருக்கில்ல? நீங்க ரெண்டு பேரும் போய்க் கையோட கூட்டிட்டு வாங்க. நான் இங்கேயே இருக்கேன்.”

அக்காவின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போனேன். வழி எதுவும் நினைவில்லை. அவள் முதுகு மட்டும் நினைவிருக்கிறது.

கடைக்கு மேலே வீடு. ஏணி போன்ற படி. அறைக்குள் குறுக்கும் நெடுக்குமாக வெள்ளை விரிப்புகள் தொங்கின. ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது. நீராவி, சோப்பு வாசனை. கடைசி விரிப்புக்குப் பின்னால் அவள் உட்கார்ந்து தலையணை உறைகளை மடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கூடையில் குழந்தை. என்னைப் பார்த்ததும் சந்தோஷமாகவே எழுந்தாள். “அட, நீங்களா. வாங்க வாங்க. பாருங்க, இன்னும் தூங்கறான்.”

பத்து நாளாகியும் கன்னத்தில் காமாலை மஞ்சள் இறங்கவில்லை. பாதத்தைத் தொட்டேன். அந்தப் புழுக்கத்திலும் சில்லென்று இருந்தது.

பாதத்தை விட்டு நிமிர்ந்தேன். அக்கா பேச ஆரம்பித்தாள். நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். இதையும் அவள் செய்தால் அப்புறம் நான் எதற்கு?

“அன்னிக்கு நான் தப்பாப் பார்த்துட்டேன்மா. நல்லா இருக்குன்னு சொன்னது தப்பு. கழுத்துல இருக்க வேண்டிய சுரப்பி இல்லைன்னு நினைக்கிறோம். ரத்தம் பார்த்தாத்தான் நிச்சயமாத் தெரியும். மருந்து இருக்கு, சின்ன மாத்திரைதான். ஆனா உடனே ஆரம்பிக்கணும். இப்பவே வரணும்.”

அவள் உட்கார்ந்தாள். கையிலிருந்த உறையை நான்காக மடித்தாள். எட்டாக மடித்தாள்.

“இவன் அழாம இருந்தது அதனாலயா?”

“அப்படித்தான் இருக்கும்.”

“அப்ப நான் நிம்மதியாத் தூங்கின இந்தப் பத்து நாளும்...” என்று ஆரம்பித்தாள். குழந்தையைத் தூக்கித் துண்டில் சுற்றினாள். என்னைத் தாண்டி அக்காவிடம் போய், “நீங்க பிடிச்சுக்கங்க, நான் செருப்பு மாட்டிக்கறேன்” என்றாள்.

பிப்ரவரி 16, திங்கள்

சனிக்கிழமை சாயங்காலமே ரத்த முடிவு வந்துவிட்டது. ரத்தத்தில் அந்தச் சுரப்பு இல்லை என்பதில் இனி சந்தேகம் இல்லை. நேற்றுக் காலையிலிருந்து மாத்திரை. நுணுக்கி, ஒரு ஸ்பூன் தாய்ப்பாலில் கரைத்து. இனி வாழ்நாள் முழுக்கத் தினமும் ஒன்று.

“ரெண்டு வாரத்துக்குள்ள ஆரம்பிச்சிருக்கோம். நல்லா வருவான்னு நம்பறேன்” என்றார் டாக்டரம்மா. பிறகு என்னை உட்காரச் சொன்னார். திட்டவில்லை. “நீங்க சொன்னதனாலதான் தெரிஞ்சுது. நீங்க பார்க்காததனாலதான் பத்து நாள் போச்சு. ரெண்டையும் நான் எழுதித்தான் ஆகணும்” என்றார். என் படங்கள் எல்லாவற்றையும் வேறொருவர் மறுபடி பார்ப்பார். அதுவரை நான் எந்தக் குழந்தையையும் அளக்க வேண்டாம்.

அந்த அம்மாவும் வார்டில் சொல்லிவிட்டாளாம். “அந்த மேடம் என் பிள்ளையைத் தொட வேண்டாம்.”

நியாயம்தான்.

பிப்ரவரி 19, வியாழன்

பதிவேட்டு அறையில் வேலை. ஜன்னல் பெரிது. வெளிச்சம் மேஜையில் அப்படியே கொட்டிக் கிடக்கிறது. இந்த வெளிச்சத்தில் எனக்கு மிதக்க வரவில்லை.

ஒன்று மட்டும் என்னையே கேட்டுக்கொள்கிறேன். சின்ன வயதிலிருந்து இந்தப் புத்தி எனக்குச் சொத்து மாதிரி. வகுப்பில், அடுப்படியில், பஸ்ஸில், எங்கே இருந்தாலும் நழுவிப் போய் வேறெங்காவது உலாத்திவிட்டு வரலாம். யாருக்கும் அதனால் எதுவும் குறைந்ததில்லை என்றே இருந்தேன். உண்மையிலேயே குறையவில்லையா? நான்தான் பார்க்கவில்லையா?

மார்ச் 3, செவ்வாய்

என் படங்களை மறுபடி பார்த்தது அக்காவாம். இன்றுதான் தெரிந்தது. பதினைந்து நாளும் மாடிப்படியில் எதிரே வந்தாள், உப்பு இருக்கா, தண்ணி வந்துதா என்று கேட்டாள், இதைப் பற்றி மூச்சு விடவில்லை. அடிக்கோல் அல்லவா.

இன்று துணி எடுக்க மாடிக்குப் போனபோது அவளே சொன்னாள்: “மத்ததெல்லாம் சரியாத்தான் இருக்கு. அந்த ஒண்ணுதான்.” அப்புறம் கிளிப்புகளை டப்பாவில் போட்டுக்கொண்டே, என்னைப் பார்க்காமல், “அன்னிக்கு எனக்குப் பல்லு அவ்வளவொண்ணும் வலிக்கல. திங்கக்கிழமை போயிருக்கலாம். வெள்ளிக்கிழமை மதியம் லீவு போட்டா ரெண்டரை நாள் கிடைக்குமேன்னுதான் போனேன்” என்றாள்.

“இன்னும் வீங்கியிருக்கா?” என்று கேட்டேன். “இல்லம்மா” என்றாள். சாயங்காலக் காற்றில் கொடி மட்டும் ஆடியது. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். கீழே அவர் “தண்ணி நிரம்பி வழியுது, யாராவது மோட்டாரை நிறுத்துங்க” என்று கத்தும் வரைக்கும்.

மார்ச் 20, வெள்ளி

திரும்ப இருட்டறைக்கு விட்டிருக்கிறார்கள். டாக்டரம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். பார்ப்பதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

“மூச்சுக்குழாய். இடது மடல். இடது ரத்தக்குழாய், தள்ளி இருக்கு. வலது மடல்...” முதல் குழந்தைக்குச் சொல்லும்போது பாடம் ஒப்பிப்பது போலிருந்தது. நான்காவது குழந்தைக்குள் அது ஏதோ தாலாட்டு மாதிரி ஆகிவிட்டது. தண்ணீர் அதே தண்ணீர்தான். சாம்பல் நிறம் அதேதான். இப்போது என் குரலைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறேன்.

ஏப்ரல் 9, வியாழன்

நூற்றுப் பதினாறு. சலவைக் கடைப் பையன் மாதாந்திரப் பரிசோதனைக்கு வந்திருந்தானாம். தூரத்திலிருந்து அந்த அம்மாவின் முதுகைப் பார்த்தேன். போகவில்லை.

மே 6, புதன்

சலவைக் கடை அம்மா ஸ்கேன் அறைக்கு வந்தாள். பையனுக்கு மூன்று மாதம். சில குழந்தைகளுக்குச் சுரப்பி கழுத்துக்கு இறங்காமல் நாக்கின் அடியிலேயே தங்கிவிடும். அப்படி ஏதாவது இருக்கிறதா என்று ஒருமுறை தேடிப் பார்க்கச் சொல்லி டாக்டரம்மா எழுதியிருந்தார். அக்கா இன்று மகனின் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தாள்.

“அவங்க இல்லையா?”

“நாளைக்கு வந்துடுவாங்க. நாளைக்கு வர முடியுமாம்மா?”

வாசலிலேயே நின்றாள். கடை திறந்து கிடக்கும், இரண்டு பிள்ளைகளை யாரிடமோ விட்டுவிட்டு வந்திருப்பாள். பையனை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினாள். மறுபடி மாற்றினாள். பிறகு உள்ளே வந்து, தானே அவனைப் படுக்கையில் கிடத்தினாள்.

“பாருங்க. நிதானமாப் பாருங்க. எங்கிட்ட ஒண்ணும் சொல்ல வேண்டாம், டாக்டர்கிட்ட கேட்டுக்கறேன்.”

துணியைச் சுருட்டி வைத்தேன், அதை உதைத்துத் தள்ளினான். ஜெல் பட்டதும் வீல் என்று அழுதான். தலையை இந்தப் பக்கம் திருப்பினால் அந்தப் பக்கம் திருப்பினான். கழுத்தில் நான் வைத்திருந்த ப்ரோப்பின் வயரை எட்டிப் பிடித்து இழுத்தான். திரையில் எதுவும் ஒரு நொடிக்கு மேல் நிற்கவில்லை. அவள் ஒரு பக்கம் கையைப் பிடித்துக்கொண்டாள். மூச்சுக்குழாய், இடது ரத்தக்குழாய், ஒட்டி இருக்கு, வலது ரத்தக்குழாய், ஒட்டி இருக்கு என்று அந்த அழுகைக்கு மேலே சொல்லிக்கொண்டே போனேன். தாடைக்கு அடியில், நாக்கின் வேர் வரைக்கும், இரண்டு முறை. இருபத்தைந்து நிமிடம் ஆனது. தாளில் ‘இல்லை’ என்று எழுதினேன். அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

கழுத்தைத் துடைக்கும்போது அவளே பேசினாள், என்னிடமா அவனிடமா தெரியவில்லை.

“நாலு நாளா ஒரு கண்ணு மூட விடல. இவனோட அண்ணனுங்களே தேவலாம்.”

தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு போனாள். நடைபாதையின் கோடி வரைக்கும், படி இறங்கித் தெருவுக்குப் போன பிறகும் அந்த அழுகை கேட்டது. வெளியே அடுத்த குழந்தை காத்திருந்தது. அந்த அழுகை கேட்பது நிற்கும் வரை அதை உள்ளே அழைக்காமல் இருந்தேன்.